கை மாறின இடம்

கல்யாணத்தில் போட்டோ எடுக்கிறவனுக்குக் கை நடுங்கக் கூடாது. இதைச் சொல்ல டாக்டர் தேவையில்லை. எனக்கு முதலில் சொன்னவர் டாக்டரும் இல்லை, திருப்பருத்திக்குன்றம் பக்கம் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்த கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா. தாலி கட்டி அட்சதை விழுந்த கையோடு என் பக்கத்தில் வந்து நின்று, "அந்த ஃபோட்டோவக் காட்டுபா" என்றார். கேமராவின் பின்பக்கத் திரையில் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இன்னாபா இது, ரெண்டு தாலி கட்ற மாதிரி இருக்குது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கூட்டம் இடித்துவிட்டது என்றேன். இடிக்கிற அளவுக்கு அங்கே கூட்டமே இல்லை. இருபது வருடமாகக் கூட்டம் இடித்தும், வீடியோக்காரன் முழங்கை பட்டும், ஐயர் குறுக்கே வந்தும் நான் தவறவிடாத படம் அது. மற்ற எதையும் திரும்ப எடுத்துவிடலாம். மாலை மாற்றுவதைத் திரும்ப மாற்றச் சொல்லலாம், மெட்டியைத் திரும்பப் போடச் சொல்லலாம். இன்னொரு முடிச்சுப் போடு என்று மாப்பிள்ளையைக் கேட்டால் அடிக்க வருவார்கள்.

அதற்குப் பிறகுதான் சென்னைக்குப் போய் நரம்பு டாக்டரைப் பார்த்தேன். அவர் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து என் பெயரை ஐந்து தடவை எழுதச் சொன்னார். முதல் பெயர் பெயராக இருந்தது. ஐந்தாவது, எறும்பு ஊர்ந்த மாதிரி சின்னதாகப் போயிருந்தது. நான் எழுதும்போது அது எனக்குத் தெரியவில்லை, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. நடுக்குவாதம் என்றார். "இது போவாது. மெதுவா ஏறும். மாத்திரை போட்டுக்கிட்டா கொஞ்ச காலம் சமாளிக்கலாம்." எவ்வளவு காலம் என்று கேட்டாள் என் மனைவி. அவர் ஆளுக்கு ஆள் மாறும் என்றார். எனக்கு நாற்பத்தேழு வயது.

நாங்கள் இருக்கிற காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் யாருக்கும் சொல்லவில்லை. கூட வேலை செய்கிற போட்டோக்காரர்களுக்கு முதுகுவலி என்று சொன்னேன். முதுகுவலிக்காரனைக் கூப்பிட்டு ஏன் சங்கடப்படுத்த வேண்டும் என்று அவர்களும் விட்டுவிட்டார்கள். எல்லோரும் நல்லவர்கள்தான். நல்லவர்கள் கூப்பிடாமல் விட்டால் சண்டை போடவும் வழியில்லை.

என் மனைவி தாலுகா ஆபீசுக்கு எதிரே இருக்கும் ஒரு இ-சேவை மையத்தில் வேலை செய்கிறாள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பட்டா என்று நாளெல்லாம் தட்டச்சு செய்வாள். அட்டைகளுக்காக வருகிறவர்களைச் சுவர் ஓரம் உட்கார வைத்துப் படமும் எடுப்பாள். வீட்டுக்கு ஒரு போட்டோக்காரன் போதும் என்று அவளைக் கிண்டல் செய்வேன். அவள் எடுத்த படத்தில் சொந்தப் பிள்ளையையே பெற்றவளுக்கு அடையாளம் தெரியாது என்பேன். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். "கவர்மெண்டு ஏத்துக்குதுல்ல, போதும்" என்பாள்.

அவள் வேலைக்குப் போன பிறகு வீட்டில் சும்மா கிடந்து கைபேசியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த வீடியோ வந்தது. யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் தண்ணீர்த் துளி விழுவதைப் படம் எடுக்கிறான். துளி விழுந்த இடத்தில் தண்ணீர் ஒரு தண்டு போல மேலே எழும்புகிறது. அதன் தலையில் இரண்டாவது துளி வந்து மோதி, குடை மாதிரி விரிகிறது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் நான் அதை இருபது தடவையாவது திரும்பத் திரும்பப் பார்த்தது குடைக்காக இல்லை. அந்த ஆள் கேமராவைத் தொடவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தான்.

எனக்குள் ஏதோ எழுந்து உட்கார்ந்தது. இருட்டு அறை. கேமரா ஸ்டாண்டில். ஷட்டர் திறந்தே இருக்கிறது. ஃப்ளாஷ் அடிக்கிற அந்த நேரம் மட்டும்தான் படம், அதுவும் கண் இமைப்பதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஃப்ளாஷின் சக்தியைக் குறைக்கக் குறைக்க அது எரியும் நேரமும் குறையும், படம் கல்லாக நிற்கும். கை நடுங்கினால் என்ன, உடம்பே ஆடினால்தான் என்ன? உலகத்தில் எனக்கென்றே ஒரு போட்டோ தொழில் இருக்கிறது என்று அன்று மத்தியானம் நம்பினேன். நம்பிக்கை என்பது அப்படித்தான் அசட்டுத்தனமாக வரும் என்று இப்போது தெரிகிறது.

ஊரில் எங்கள் போட்டோக்காரர் சங்கம் வருடத்துக்கு ஒரு முறை ஒரு கல்யாண மண்டபத்தில் கண்காட்சி வைக்கும். அதில் என் பெயர் போட்டு ஒரு படம் தொங்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டு ஒருத்தன், ஒரே ஒருத்தன், அடுத்த முகூர்த்தத்துக்கு வர்றியா என்று என்னைக் கேட்க வேண்டும். இவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. மனைவியிடம் சொன்னேன். "சரி, இன்னா வாங்கணும் சொல்லுங்க" என்றாள்.

வாங்கியது கொஞ்சம்தான். மெடிக்கல் ஷாப்பில் குளுகோஸ் ஏற்றுகிற டியூப் ஒன்று கேட்டேன். "யாருக்குண்ணா உடம்பு சரியில்ல?" என்றார் கடைக்காரர். "எனக்குத்தான்" என்று விளையாட்டாகச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அது உண்மை என்று உறைத்தது. மிச்சம் எல்லாம் வீட்டிலேயே கிடைத்தது. கெட்டுப்போன தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷினைப் பிரித்து, அதில் தண்ணீரைத் திறந்து மூடுகிற வால்வை எடுத்தேன். கல்யாணத்தில் லைட் நிறுத்துகிற ஸ்டாண்டில் அதைக் கட்டினேன். மேலே தலைகீழாக ஒரு தண்ணீர் பாட்டில், கீழே எங்கள் கல்யாணச் சீரில் வந்த எவர்சில்வர் தாம்பாளம். வால்வையும் ஃப்ளாஷையும் சொன்ன நேரத்துக்கு இயக்க உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு, சென்னையிலிருந்து தபாலில் வந்தது. சால்டரிங் வைக்கப் போய்க் கட்டைவிரலைச் சுட்டுக்கொண்டேன். அதோடு எல்லா ஒயரையும் முறுக்கி டேப் சுற்றிவிட்டேன். போர்டுக்குள் போட வேண்டிய எண்களை என் மனைவி தட்டினாள். எந்தத் துளிக்குப் பிறகு எத்தனை நேரம் கழித்து அடுத்த துளி, எப்போது ஃப்ளாஷ் என்று எல்லாம் கண்ணுக்குத் தெரியாத நேரக் கணக்கு. அவளுக்கு அது பட்டா எண் மாதிரிதான் இருந்தது. தப்பில்லாமல் தட்டினாள்.

முதல் வாரம் எடுத்தது எல்லாம் வெறும் தண்ணீர். தாம்பாளத்தின் மேல் எப்போதும் ஒரு அதிர்வு, வட்டம் வட்டமாக. என் கைதான் ஸ்டாண்டில் பட்டுவிட்டதோ என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தேன். அப்போதும் அதிர்ந்தது. நோய் கையை விட்டுத் தரைக்கு இறங்கிவிட்டதா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பிறகு காதைக் கொடுத்துக் கேட்டேன். பக்கத்து வீட்டு அக்காவின் தறி. எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அக்கா ஊடை நூலை நெருக்கப் பலகையை இழுத்து அடிக்கிற ஒவ்வொரு அடியும் தரை வழியாக வந்து என் தாம்பாளத்தில் ஏறியிருக்கிறது. நாற்பது வீட்டுத் தெருவில் முப்பது வீட்டில் தறி ஓடும்போது இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம் என்பதால் அது சத்தம் என்றே தோன்றாமல் போய்விட்டது.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு ஐம்பது வயது இருக்கும். வாய் ஒரு மாதிரி, கை ஒரு மாதிரி. வாய் திட்டிக்கொண்டே இருக்கும், கை பாட்டுக்கு நெய்துகொண்டே இருக்கும்.

"தண்ணி ஆடுதுன்னு தறிய நிறுத்தச் சொல்ற மொத ஆளு நீதான்பா."

"நிறுத்த வேணாம்கா. நீங்க எப்ப சாப்பிடப் போவீங்க?"

"ஒன்றரைக்கு எழுந்துப்பேன். சாப்ட்டு ஒரு அரை மணி படுப்பேன். அதுக்குள்ள எடுத்துக்கோ. அந்தாண்ட வூட்டுத் தறிக்கு நான் பொறுப்பு இல்ல."

என் மனைவிக்கும் மையத்தில் ஒன்றரைக்குத்தான் சாப்பாட்டு இடைவேளை. ஸ்கூட்டியில் பத்து நிமிடத்தில் வந்துவிடுவாள். ஆக எங்கள் போட்டோ எல்லாம் மத்தியானம் ஒன்றரையிலிருந்து இரண்டே காலுக்குள். காஞ்சிபுரத்து வெயிலில் ஜன்னலுக்கெல்லாம் போர்வை மாட்டி, கதவிடுக்கில் துணி அடைத்து, துளி காற்றில் விலகும் என்று ஃபேனையும் நிறுத்திவிட்டு இரண்டு பேர் ஒரு அறைக்குள் இருந்தால் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு தடவை அற்புதமாக ஒரு துளி விழுந்து தெறித்திருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் என் மூக்கிலிருந்து விழுந்த வியர்வை.

வேலை எங்களுக்குள் தானாகப் பிரிந்துகொண்டது. துளி விழுகிற இடத்தில் ஒரு போல்ட்டை நிறுத்துவேன். அதன் புரியைப் பார்த்து லென்ஸைத் திருப்பி ஃபோக்கஸ் வைப்பேன். அந்த வேலை என்னுடையது, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். வைத்து முடித்ததும் அடுப்படிக்குப் போய் மாத்திரை போட்டுக்கொண்டு வருவேன். நான் எடுக்கப் போனால் தாம்பாளத்தைத் தட்டிவிடுவேன் என்பதால் போல்ட்டை எடுப்பது அவள் வேலை. நான் திரும்பி வரும்போது அறை இருட்டாக இருக்கும், தண்ணீர் அசையாமல் இருக்கும், அவள் சுவர் ஓரம் நின்றுகொண்டிருப்பாள்.

வெறும் தண்ணீரில் தண்டு எழும்பினாலும் குடை விரியவில்லை. தண்ணீர் கொஞ்சம் கெட்டியாக இருக்க வேண்டும், ஏதோ பசை மாவு கலக்க வேண்டும் என்று அந்த வெளிநாட்டுக்காரன் சொன்னான். இங்கே பாவு நூலுக்குத் தெளிக்கக் கஞ்சி காய்ச்சாத வீடு உண்டா? அக்கா வீட்டில் ஒரு டம்ளர் வாங்கி வந்து ஊற்றினேன். மகா புத்திசாலித்தனம் என்று நினைப்பு. குடை விரியாவிட்டாலும் இரண்டு நாள் துளி முத்து மாதிரி உருண்டு இறங்கியது. மூன்றாம் நாள் கஞ்சி புளித்து வால்வுக்குள் ஆடையாகப் படிந்து, துளிக்குப் பதில் கொழகொழவென்று ஒரு கயிறு இறங்கியது. வீடே பழைய சோறு மாதிரி நாறியது. வால்வைப் பிரித்துக் கழுவ என் மனைவிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. அதன் பிறகு தினமும் புதுக் கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டி ஊற்றினோம். நிறத்துக்குச் சாயப்பட்டறையில் கேட்டு அரக்குச் சாயம் ஒரு சிட்டிகை. என் பத்து விரலும் ஒரு வாரம் சிவந்து கிடந்தது. தெருவில் ஒருவர், "இன்னா, மருதாணியா?" என்றார். கை ஆடுவதை விட்டுவிட்டுக் கலரைப் பார்த்தாரே என்று சந்தோஷப்பட்டேன்.

முதல் குடை விரிந்த நாளைச் சொல்ல வேண்டும். ஃப்ளாஷ் அடித்தது, ஷட்டர் மூடியது. திரையில் ஒரு சிவந்த தண்டு, அதன் மேல் ஒரு பக்கம் சாய்ந்த சின்னக் குடை, ஓரத்தில் ஏழெட்டு முத்து. நான் பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். முத்துக்குள் எங்கள் ஜன்னல் போர்வையின் கட்டம்கூடத் தெரிந்தது. அவ்வளவு துல்லியம். நான் அழுதேன். என் மனைவி பக்கத்தில் வந்து என் தோளில் கை வைத்தாள். "என்னால முடியுது பாரு" என்றேன். "முடியுது" என்றாள்.

அப்புறம் மூன்று நான்கு மாதம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு டாக்டர் சொன்னபடி மெதுவாக ஏறியது. டியூபில் இருக்கிற குட்டிச் சக்கரத்தை உருட்டித்தான் கஞ்சியின் வேகத்தைக் குறைக்க வேண்டும். என் கட்டைவிரலுக்கு அது அகப்படவில்லை. அவள் உருட்டினாள். தாம்பாளத்தில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்ற வேண்டும், பாதி தரைக்குப் போயிற்று. அவள் ஊற்றினாள். கேமராவை ஸ்டாண்டில் ஏற்றி, எங்கே வைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்ததும் நாளடைவில் அவள்தான். நான் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன். ஃபோக்கஸ் வைக்க மட்டும் எழுந்து போவேன். மிஷின்தானே எடுக்கிறது, தாம்பாளத்தை யார் நிரப்பினால் என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். படங்களும் மேலும் மேலும் நன்றாக வந்தன. குடைகள் சாயாமல் நிமிர்ந்து விரிந்தன.

கண்காட்சிக்குப் படம் அனுப்ப வேண்டிய வாரம் வந்தது. நல்லதாக நாற்பது படத்தை அஞ்சலட்டை அளவில் பிரிண்ட் போட்டு, எடுத்த வரிசையில் கூடத்துத் தரையில் பரப்பி வைத்திருந்தேன். இவ்வளவு நாள் எதற்குத் தறியை நிறுத்தினோம் என்று பார்க்கப் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். சேலையைச் செருகிக்கொண்டு குனிந்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். முக்கால்வாசி தூரம் போய் நின்றார். இரண்டடி பின்னால் வந்தார். காலின் பெருவிரலால் ஒரு படத்தைத் தொட்டார்.

"இதுவரைக்கும் உன்னுது தம்பி. இங்க கை மாறியிருக்குது."

பட்டுச் சேலையைப் பற்றி எங்கள் தெருவில் சொல்கிற வார்த்தை அது. ஒருத்தர் நெய்துகொண்டிருக்கும் தறியில் இன்னொருத்தர் உட்கார்ந்து ஒரு முழம் நெய்தால் போதும், அடி மாறிவிடும். நெருக்கம் மாறி, வெளிச்சத்தில் பிடித்தால் குறுக்கே ஒரு கோடு மாதிரி தெரியும். உடுத்துகிறவர்களுக்குத் தெரியாது, நெய்கிறவர்களுக்குத் தெரியும். கை மாறியிருக்கிறது என்று சேலையைத் திருப்பிப் போடுவார்கள்.

என் மனைவி சிரிக்கப் பார்த்தாள். "அக்கா, எல்லாம் மிஷின் எடுக்கறது. இதுல கை எங்க இருக்குது?"

"தறி கூடத்தான் மிஷினு. போம்மா." அக்கா மறுபடியும் குனிந்தார். "இவரு எடுத்ததுல தண்ணி எங்க முடியுதுன்னே தெரியல. திருஷ்டிப் பொட்டு மாதிரி ஒரு ஓரமா வெச்சிருக்காரு. அதுக்கப்பறம் எல்லாம் நட்ட நடுவுல நிக்குது, ஆதார் கார்டுல நிக்கறாப்ல."

உண்மைதான். இவ்வளவு நாள் என் கண்ணில் படாதது, அவர் சொன்னதும் கூடம் முழுக்கத் தெரிந்தது. அந்தப் படத்துக்குப் பிறகு ஒவ்வொரு குடையும் சுவர் ஓரம் உட்கார வைத்த விண்ணப்பதாரரைப் போல நேராக, நடுவில், மிரண்டு நின்றது. அக்கா போன பிறகு மனைவியிடம் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. அவளுக்குப் படம் எடுக்கத் தெரியாது என்பதும், என் வேலையைக் கெடுத்துவிட்டாள் என்பதும் அதில் இருந்தன. அவள் பிரிண்டுகளைப் பொறுக்கி அடுக்கினாள்.

கோபம் இறங்கியதும் அடியில் ஒரு பெருமை கிடந்தது. எனக்கு ஒரு கை இருந்திருக்கிறது. மிஷினுக்குள்ளும், இருட்டுக்குள்ளும், யாரும் தொடாத கேமராவுக்குள்ளும் அது போயிருக்கிறது. நெய்கிற ஒருத்தர் அதை அடையாளம் கண்டு சொல்கிறார். சங்கத்துக்கு எதை அனுப்புவது என்று பிறகு யோசிக்கவே இல்லை. நிமிர்ந்த குடைகளை ஒதுக்கிவிட்டு, அந்த முதல் நாள் சாய்ந்த சின்னக் குடையை எடுத்தேன்.

"மத்தது இன்னும் நல்லா இருக்குதே" என்றாள் மனைவி.

"மத்தது என்னுது இல்ல. இது என்னுது."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு பெரிதாகப் பிரிண்ட் போடக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கண்காட்சி ஒரு ஞாயிறு காலை. மண்டபத்தில் சாப்பாட்டுக் கூடத்தைச் சுற்றிலும் கயிறு கட்டிப் படங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். பெரும்பாலும் கோபுரம், தேர், கல்யாணப் பெண்ணின் கண். என் துளி ஒரு தூணுக்குப் பக்கத்தில் தொங்கியது. அதன் அடியில் என் பெயர். நான் கையைப் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு தூணில் சாய்ந்து நின்றேன்.

என்னோடு பத்து வருடம் கல்யாணங்களுக்கு வந்தவன் ஒருவன், இப்போது சொந்தமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறான். நேராக என் படத்துக்கு வந்தான். மூக்கு இடிக்கிற அளவு கிட்டே போய் ஓரத்து முத்துக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். குடை சாய்ந்திருப்பதையோ ஓரமாக இருப்பதையோ பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"ஃபோக்கஸ் இன்னாமா வெச்சிருக்க நீ! கத்தி மாதிரி நிக்குதுபா. மேனுவலா?"

"மேனுவல்தான்."

"அப்பறம் இன்னாத்துக்கு வூட்ல உக்காந்துக்கினு கீற? அவனவன் உனக்குக் கை ஆடுது, கண்ணு போச்சுன்னு பேசிக்கினு இருக்கானுங்க." தோளைத் தட்டினான். "வர்ற முகூர்த்தத்துக்கு ஓரிக்கையில எனக்கு ஒரு கல்யாணம் இருக்குது. வீடியோவ நான் பாத்துக்கறேன். ஸ்டில்ஸ் நீ எடு. இன்னா சொல்ற?"

நான் சரி என்றேன். உடனே சொன்னேன். என் நோய், என் வலது கை, பாக்கெட்டுக்குள் அது பண்ணிக்கொண்டிருந்த ரகளை எதுவும் அந்த நேரத்தில் நினைவில்லை. ஃபோக்கஸ் வைக்க இந்தக் கைக்கு முடிகிறது. மாத்திரை போட்ட முதல் ஒரு மணி நேரம் ஆட்டமும் அவ்வளவு இருக்காது. ஷட்டர் வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம், கேமராவை ஒற்றைக்கால் ஸ்டாண்டில் தாங்கிக்கொள்ளலாம். கணக்கெல்லாம் தூணடியிலேயே போட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பீரோவிலிருந்து கேமரா பையை இறக்கினேன். பேட்டரியைச் சார்ஜில் போட்டேன். லென்ஸைத் துடைத்துக்கொண்டே நடந்ததை மனைவியிடம் சொன்னேன். ஃபோக்கஸைப் பற்றி அவன் சொன்னதை இரண்டு தடவை சொன்னேன். அவள் சேலைகூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தக் கல்யாணத்துக்குப் போவாதீங்க."

"ஏன்?"

"வேணாங்க."

"ஏன்னு சொல்லு. கை ஆடும், அதான? ஃபோக்கஸ் வெக்கறப்ப ஆடலியே. அவனே சொன்னான்."

அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீங்க மாத்திரை போடப் போவீங்கல்ல. அப்ப போல்ட்ட எடுக்கறதுக்கு முன்னாடி நான் ஒரு வாட்டி லென்ஸத் திருப்பி வெப்பேன்."

எனக்குப் புரியவில்லை. புரியாத மாதிரி நின்றேன் என்பதுதான் சரி.

"எப்பலேர்ந்து?"

"மொதல்லேர்ந்து."

"சாஞ்ச குடை?"

தலையை ஆட்டினாள். "அதுவுந்தான். பெருசு பண்ணிப் பாத்தா போல்ட்டே மங்கலா இருந்துச்சு. நீங்க அவ்ளோ கஷ்டப்பட்டு வெச்சிட்டுப் போனீங்க. சொல்றதுக்கு மனசு வரல. சரி பண்ணிட்டேன். அன்னிக்கு நீங்க அழுதீங்களா, அதுக்கப்பறம் எப்படிச் சொல்றது?"

"நான் வெச்சது எவ்ளோ தள்ளிப் போயிருக்கும்?"

"வேணாங்க."

"சொல்லு."

"அப்பல்லாம் கொஞ்சம். இப்பல்லாம் நீங்க வெச்சா, அங்க போல்ட் இருக்குதுன்னே தெரியாது."

நான் அவளிடம் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். இத்தனை மாதம் தினமும் பத்து நிமிடம் வெயிலில் வண்டி ஓட்டி வந்து, சாப்பிடாமல், நான் அடுப்படிக்குப் போகிற நேரம் பார்த்து, சத்தம் வராமல் அந்த லென்ஸைத் திருப்பி வைத்துவிட்டுச் சுவர் ஓரம் போய் நின்றிருக்கிறாள். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அவளைப் பார்க்கவே கூடாது என்றும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். லென்ஸ் மூடி திரும்பத் திரும்ப கேமராவில் தட்டிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அவள் எழுந்து வந்து மூடியை என் விரலிலிருந்து எடுத்து மாட்டினாள்.

நண்பனுக்கு நானே போன் செய்வதாகச் சொன்னேன். எண்ணை அழுத்த மூன்று தடவை முயன்றேன், யார் யாருக்கோ போயிற்று. கடைசியில் அவள் அழுத்தி என் காதில் பிடித்தாள். ஓரிக்கைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

"ஏன்பா? காலையில நல்லாத்தான இருந்த?"

"முதுகுவலி" என்றேன்.

"சரி, உடம்பப் பாத்துக்கோ. ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். எங்க ஸ்டூடியோ பசங்க ரெண்டு பேர வூட்டுக்கு அனுப்பறேன். அந்த ஃபோக்கஸ் எப்படி வெக்கறன்னு கொஞ்சம் சொல்லிக்குடு."

போன் சத்தம் வெளியே கேட்கும். என் மனைவி அதைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கை கொஞ்சம்கூட ஆடவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன்.

"அனுப்பு" என்றேன். "மத்தியானம் ஒன்றரைக்கு மேல அனுப்பு. அப்பதான் அவ வூட்ல இருப்பா."